அடி வாங்கியே ஜெயித்தாரா மார்ட்டின் லூதர் கிங்?

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் நிஜமாகவே அகிம்சையால்தான் ஜெயித்தாரா, இல்லை நீதிமன்றமும் தொலைக்காட்சியும் செய்த வேலைக்கு அவருக்குப் பெயர் கிடைத்ததா? அவர் செய்தது காந்தியைப் பார்த்து எழுதிய நகல்தானே? அப்படி ஜெயித்தவரை ஏன் சுட்டுக் கொன்றார்கள்? இவற்றுக்குக் கீழே போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள், 'திருப்பி அடிக்காதவனை எவன் மதிப்பான்' என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று நினைக்கிறேன். கல்லூரியில் 26 வருடம் அமெரிக்க வரலாறு நடத்தினேன். ஏறக்குறைய எல்லா வருடமும் யாராவது ஒரு மாணவர் எழுந்து இதையே கேட்டிருக்கிறார். பெரும்பாலும் ஊரில் அவமானத்தை நேரில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் கேட்பார்கள். அதனால் இதை லேசான கேள்வியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிங் ஜெயித்த இடங்களில் எல்லாம் அகிம்சை ஒரு பெரிய வேலைத்திட்டமாக இருந்தது. காசு, வண்டி, பயிற்சி, கணக்கு, வக்கீல், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த வேலை சரியாக அமையாத இடத்தில் அவரும் தோற்றார். அகிம்சை என்றதும் நம் மனதில் வருவது பொறுமையாக அடி வாங்கிக்கொண்டு நிற்கும் ஓர் உருவம். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது நியாயம்தான். மான்ட்கோமரியில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் 1955-ல் பேருந்தின் முன்பக்கம் இருந்த பத்து இருக்கைகள் வெள்ளையர்களுக்கு. காலியாகவே இருந்தாலும் கறுப்பினத்தவர் அங்கே உட்காரக் கூடாது. பல நேரங்களில் முன்வாசலில் ஏறி 10 சென்ட் கட்டணத்தைப் போட்டுவிட்டு, மறுபடி இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்வார்கள். காசு போட்டவர் பின்வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு. இத்தனைக்கும் பயணிகளில் நாலில் மூன்று பங்கு கறுப்பினத்தவர்தான். அந்த வருடம் மார்ச் 2 அன்று கிளாடெட் கொல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி இடம் விட மறுத்துக் கைதானாள். டிசம்பர் 1, வியாழக்கிழமை, ரோசா பார்க்ஸ் கைதானார். வேலை முடிந்து களைப்பாக இருந்த ஒரு தையல்காரப் பெண்மணி எழுந்திருக்க மறுத்தார் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. பார்க்ஸ் 1943 முதல் கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக உழைத்தவர். தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று ராத்திரி நடந்ததை நான் வகுப்பில் நிதானமாகச் சொல்வேன். ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியை, தான் வேலை பார்த்த அரசுக் கல்லூரிக்கு நள்ளிரவில் போனார். கூட ஒரு சக ஆசிரியரும் இரண்டு மாணவர்களும். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடியும் வரை துண்டறிக்கை ஓட்டினார்கள். தாள் மிச்சம் ஆகட்டும் என்று ஒரு தாளில் ஒரே செய்தியை மூன்று முறை அடித்து மூன்றாக வெட்டினார்கள். 'திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள்' என்பதுதான் செய்தி. பல்லாயிரம் பிரதிகள். மறுநாள் பள்ளிக்கூடம், முடிதிருத்தும் கடை, தேவாலயம் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன. கல்லூரி நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஓட்டுநர்களின் கெடுபிடி பற்றி அவருடைய பெண்கள் அமைப்பு மாதக்கணக்காக நகர நிர்வாகத்திடம் முறையிட்டு வந்தது. புறக்கணிப்பு நடத்தும் யோசனையும் கையில் தயாராக இருந்தது. இதில் எங்கும் கிங் இல்லை என்பதைக் கவனியுங்கள். டிசம்பர் 5, திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடிய பிறகுதான், அன்று பிற்பகல் கூடிய தலைவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 26. ஊருக்கு வந்து சுமார் ஒன்றேகால் வருடம் ஆன போதகர். யாரோடும் பகை இல்லாத புதியவர் என்பதும் ஒரு காரணம்.

முதலில் கேட்ட கோரிக்கையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மரியாதையாக நடத்துங்கள், வெள்ளையர் முன்னிருந்து பின்னாக, நாங்கள் பின்னிருந்து முன்னாக, வந்த வரிசையில் உட்காருகிறோம், எங்கள் பகுதிக்குப் போகும் தடங்களில் எங்கள் ஆட்களையும் ஓட்டுநராகப் போடுங்கள். அவ்வளவுதான். இனப்பிரிவினையை ஒழிக்கக்கூடக் கேட்கவில்லை. நகர நிர்வாகம் இதையே மறுத்தது. ஒரு நாள் போராட்டம் 381 நாள் ஆனது.

381 நாள் எத்தனை பேர் எப்படி வேலைக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்று நகரம் கெடுபிடி செய்தது. உடனே லூசியானாவின் பேடன் ரூஜ் நகரில் 1953-ல் இதே மாதிரி ஒரு புறக்கணிப்பு நடத்திய டி. ஜே. ஜெமிசன் என்ற போதகரிடம் கிங் யோசனை கேட்டார். சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் வண்டியைக் கொடுத்தார்கள். சுமார் 300 வண்டிகள், ஆள் ஏற்ற நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள், யார் எப்போது எங்கே என்று ஒரு கால அட்டவணை. போலீஸ் சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் ஓட்டுநர்களைப் பிடித்தது. 25 மைல் வேகத்தில் போக வேண்டிய சாலையில் 30 மைலில் போனார் என்று கிங்கையே ஜெயிலில் போட்டார்கள். வண்டிகளின் காப்பீடு ரத்தானபோது லண்டன் லாயிட்ஸ் வழியாகப் புதிய காப்பீடு வாங்கினார்கள். தேவாலயங்களின் பெயரில் வாங்கிய வண்டிகளை மக்கள் 'ஓடும் தேவாலயம்' என்று கூப்பிட்டார்கள்.

இதற்கெல்லாம் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரப் பெண்மணி இருந்தார். கோழி வறுவல், சாண்ட்விச், பை, கேக் என்று செய்து விற்று, அந்தக் காசை வாராந்தரக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுப்பார். கூடச் சேர்ந்து சமைத்த பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே வந்தால் அடுப்பு அணைந்துவிடும். அதனால் அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராதவர் சங்கம்' என்று அர்த்தம் வருகிற மாதிரிப் பெயர் வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் சொல்லாமலே சொல்லிவிடலாம். புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மேல் போட்ட வழக்கில் சாட்சி சொன்னதால் அவருக்கே வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் கிங். கிங்கின் பேச்சைப் பற்றி எழுதும் இடத்தில் எல்லாம் கில்மோரின் அடுப்பைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மான்ட்கோமரியில் பேருந்துப் பிரிவினையைச் சட்டப்படி முடித்துவைத்தது நீதிமன்றம்தான். இதில் சந்தேகமே இல்லை. கிளாடெட் கொல்வின் உட்பட நாலு பெண்கள் தொடுத்த வழக்கில் பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1956 நவம்பர் 13 அன்று உறுதி செய்தது. அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் பெயர் இல்லை. அதே நவம்பர் 13 அன்று மான்ட்கோமரியின் உள்ளூர் நீதிமன்றத்தில் வண்டிப் பகிர்வைத் தடை செய்யும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிங் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் வாஷிங்டன் செய்தி வந்தது. உள்ளூர்த் தடையும் அன்றே கிடைத்துவிட்டது. தீர்ப்பின் நகல் ஊருக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆனது. வண்டியும் இல்லாமல், பேருந்திலும் ஏறாமல் அத்தனை வாரமும் ஜனங்கள் நடந்தார்கள். அப்படியானால் புறக்கணிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே பேருந்து நிறுவனம் பணிந்துவிடத் தயாராக இருந்தது. காசு போனது அவர்களுக்கு. அதைவிடப் பெரிய விஷயம், ஐம்பதாயிரத்துக்கும் குறைவான ஒரு சமூகம் ஒரு வருடத்துக்கு மேல் சிதறாமல் நின்றது. அடுத்து வந்த எல்லாமே அந்த அனுபவத்தின் மேல் கட்டியதுதான்.

காந்தி பற்றிய இரண்டாவது கேள்வி. மான்ட்கோமரிக்கு வந்தபோது கிங் காந்தியவாதி இல்லை. 1950-ல் பிலடெல்பியாவில் ஹோவர்ட் பல்கலைக்கழகத் தலைவர் மார்டெகாய் ஜான்சன் காந்தி பற்றிப் பேசியதைக் கேட்டு, காந்தி பற்றிய அரை டஜன் புத்தகங்களை வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் படிப்பது வேறு, வாழ்வது வேறு. 1956 ஜனவரி 30 ராத்திரி அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள், அடிபடவில்லை. வாசலில் ஆயுதத்தோடு கூடிய கூட்டத்தை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அதே நாட்களில் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமமும் கேட்டு விண்ணப்பித்தார், கொடுக்கவில்லை. வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. அடுத்த மாதம் அங்கே வந்த, அகிம்சைப் போராட்டத்தில் பழகிய பேயர்ட் ரஸ்டின் போன்றவர்களோடு பேசிப் பேசித்தான் அவற்றை விட்டார். இதை மாணவர்களிடம் சொல்லும்போது சிலர் ஏமாந்துபோவார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். குழந்தை தூங்கும் வீட்டில் குண்டு விழுந்த பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்தவர் அவர்.

போராட்டம் தொடங்கி ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 12 அன்று, மான்ட்கோமரி நாளிதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. இது காந்தியின் உப்பு யாத்திரையை நினைவுபடுத்துகிறது என்று எழுதியவர் ஜூலியட் மார்கன், உள்ளூர் நூலகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண். அதற்காக அவரை ஊரே ஒதுக்கியது, தொலைபேசியில் மிரட்டியது. 1957-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். காந்தி ஒப்பீட்டைப் பொதுவில் முதலில் வைத்தவர்களில் ஒருவர் என்ற முறையில் அவர் பெயரை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1959 பிப்ரவரியில் கிங்கும் கொரெட்டாவும் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார்கள். தெற்கே கன்னியாகுமரி வரை வந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்' என்று பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று கோபம் வந்ததாகவும், பிறகு தன் நாட்டில் வறுமைக் கூண்டில் கிடக்கும் 2 கோடிப் பேரை நினைத்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஒப்புக்கொண்டதாகவும் கிங் சொல்லியிருக்கிறார். இந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அவர் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் செய்த பிரசங்கம், அதாவது ஆறு வருடம் கழித்துச் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நடந்ததா என்பதில் எச்சரிக்கையாக இருங்கள். அவர் மனதில் அது அப்படித்தான் பதிந்தது என்பது மட்டும் உறுதி.

நகல் என்ற சொல் பொருந்தாது என்பதற்கு நான் காட்டும் ஆள் ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். 1953 முதல் மூன்று வருடம் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் இருந்து, காந்தியோடு வேலை செய்தவர்களைத் தேடித் தேடிப் பேசியவர். அமெரிக்கா திரும்பியதும், தாமதிக்காமல் தெற்கே வா, உன்னைப் போல் ஒருவர் எங்களிடம் இல்லை என்று கிங் கூப்பிட்டார். லாசன் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் தேவாலயங்களின் அடித்தளத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். நாற்காலிகளை உணவகம் மாதிரி வரிசையாகப் போடுவார்கள். சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளைக்கார முரடர்களாக நடித்து, அசிங்கமாகத் திட்டுவார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள், நாற்காலியை உதைத்துத் தள்ளுவார்கள். உட்கார்ந்தவர் விழுந்தால் தலையையும் வயிற்றையும் எப்படிக் காப்பது, பக்கத்தில் இருப்பவர் அடிபட்டால் எப்படி இடையில் புகுந்து மறைப்பது என்று மறுபடி மறுபடிச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் இயக்கத்தின் தலைவர்களான டயான் நாஷ், ஜான் லூயிஸ் எல்லாம் அந்த வகுப்பில் உருவானவர்கள்.

ஒரு வருடம் என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். இழுப்பதும் உதைப்பதும் இல்லாமல், வெறும் பேச்சு மட்டும். உட்கார்ந்த ஐந்து பேரில் நாலு பேர் மூன்று நிமிடத்துக்குள் எழுந்துவிட்டார்கள். ஒருவன் அழுதுவிட்டான். நண்பர்கள்தான் திட்டுகிறார்கள், நடிப்பு என்று தெரியும், அப்படியும் தாங்கவில்லை. திருப்பி அடிக்காமல் இருப்பது பலவீனம் என்று வருடத் தொடக்கத்தில் சொன்ன மாணவன்தான் அந்த அழுதவன். அன்றைக்குப் பிறகு அவன் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் நண்பர்களோடு நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

நாஷ்வில்லில் 1960 பிப்ரவரியில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் போய் உட்காரத் தொடங்கினார்கள். கூடவே கறுப்பின மக்கள் ஈஸ்டர் துணிமணியை நகரக் கடைகளில் வாங்காமல் நிறுத்தினார்கள். ஏப்ரல் 19 அன்று அவர்களுடைய வக்கீல் வீட்டில் குண்டு வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்கள். தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தப்பு என்று நினைக்கிறீர்களா என்று டயான் நாஷ் மேயரிடமே கேட்டார். மேயர் பென் வெஸ்ட் எல்லார் முன்னாலும் ஆமாம், தப்புதான் என்றார். மே 10 அன்று ஆறு கடைகளின் உணவுப் பகுதிகள் எல்லாருக்கும் திறந்தன. மனமாற்றம் நடந்ததா, கல்லாப்பெட்டி காலியானது வேலை செய்ததா? இரண்டும் சேர்ந்து நடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எதிராளியின் மனம் மாறும் என்று நம்பி மட்டும் யாரும் இறங்கவில்லை. 1961-ல் ஜான் லூயிஸை அடித்த எல்வின் வில்சன் மன்னிப்புக் கேட்டது 2009-ல். 48 வருடம் காத்திருந்து உரிமை வாங்க முடியாது.

தோல்வியையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் 1961, 62-ல் கிங் தோற்றார். அங்கே போலீஸ் தலைவர் லாரி பிரிச்செட் கிங்கின் முறையைப் படித்துத் தயாராக இருந்தார். காமிரா முன்னால் அடிக்கவில்லை. சுற்றுவட்டார ஜெயில்களை எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்து, வந்தவர்களை மரியாதையாகப் பிடித்து அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தார். ஊர் ஜெயில் நிரம்பவே இல்லை. கோரிக்கையும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்று என்பதாக இருந்ததால் எங்கே அழுத்துவது என்று தெளிவில்லை.

அந்தப் பாடம் 1963-ல் அலபாமாவின் பர்மிங்காமில் தெரிந்தது. கிங்கின் சகா வயாட் வாக்கர் கடைவீதியை அளந்தார். தேவாலயத்திலிருந்து ஒவ்வொரு கடைக்கும் எவ்வளவு தூரம், எந்தக் கடையில் எத்தனை ஸ்டூல் என்று எண்ணி வைத்தார். கிறிஸ்துமஸுக்கு அடுத்து வியாபாரம் சூடுபிடிக்கும் ஈஸ்டர் பருவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கிங் புனித வெள்ளியன்று சிறைக்குப் போய் இனியும் ஏன் பொறுத்திருக்க முடியாது என்று விளக்கும் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். ஆனாலும் பெரியவர்கள் வேலை போகும் பயத்தில் சிறைக்கு வரத் தயங்கினார்கள். அப்போது கிங்கின் இன்னொரு சகாவான ஜேம்ஸ் பெவல் யோசனைப்படி மே 2 அன்று பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். நூற்றுக்கணக்கில் கைதானார்கள். மறுநாள் ஊர்ப் போலீஸுக்குப் பொறுப்பாக இருந்த புல் கானர் தீயணைப்புக் குழாயையும் நாய்களையும் ஏவினார். மே 10 அன்று உடன்பாடு வந்தது. குழந்தைகளை ஆபத்தின் முன்னால் நிறுத்தியது சரியா? அகிம்சை வழியை ஏற்காத கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அதைக் கடுமையாகக் கண்டித்தார். நானும் ஒரு தகப்பன், இந்த இடத்தை ஒருமுறைகூட நிம்மதியாகக் கடந்து போனதில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் வயதான பிறகும் தாங்களாக விரும்பித்தான் போனோம் என்று பெருமையோடு சொன்னார்கள். அதே வருடம் செப்டம்பர் 15 அன்று, அவர்கள் புறப்பட்ட அதே தேவாலயத்தில் குண்டு வெடித்து நாலு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டும் உண்மை.

தொலைக்காட்சி இல்லாவிட்டால் இவ்வளவு நடந்திருக்காது என்பதை ஏற்கிறேன். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு நடந்தவர்களை அலபாமாவின் செல்மா பாலத்தில் போலீஸ் அடித்தபோது, நாஜிக் குற்றவாளிகளின் விசாரணை பற்றிய ஒரு படத்தை இடையில் நிறுத்தி ஏபிசி தொலைக்காட்சி அந்தக் காட்சியைக் காட்டியது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆனால் காமிரா காட்டுவதற்கு ஒரு காட்சி வேண்டும், அதை உண்டாக்கியவர்கள் பாலத்தில் நடந்த 600 பேர். ஆயுதம் தாங்கிய கறுப்பினத்தவர் மீதான பயமும் உதவியதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. லூசியானாவில் துப்பாக்கியோடு காவல் இருந்த குழுக்கள் உரிமைப் போராட்டத்தில் வேலை செய்தவர்களை உண்மையிலேயே காப்பாற்றின. கிங்கோடு பேசாவிட்டால் வேறு ஆட்களோடு பேச வேண்டிவரும் என்று வாஷிங்டனில் நினைத்தவர்களும் இருந்தார்கள். அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை அளந்து சொல்ல வழியில்லை. விளைவை மட்டும் அளக்கலாம். மிசிசிப்பியில் 1965-க்கு முன் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 60 பேர்.

அப்படி ஜெயித்தவரை ஏன் கொன்றார்கள் என்ற கேள்விக்கு, அவர் கடைசி மூன்று வருடத்தில் என்ன பேசினார் என்று பார்க்க வேண்டும். 1966-ல் சிகாகோவில் வீட்டு வசதிக்காகப் போராடினார். அங்கே கல்லடி பட்டார், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1967 ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரைக் கண்டித்தார். கூட இருந்தவர்களே விலகினார்கள். 1966-ல் எடுத்த காலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேர் அவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். இன்றைக்குத் தேசிய விடுமுறையோடு கொண்டாடப்படும் மனிதர் உயிரோடு இருந்தபோது பெரும்பான்மையோருக்கு வேண்டாதவர். மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது, 1964-ல் தற்கொலைக்குத் தூண்டும் விதமாக மொட்டைக்கடிதம் அனுப்பியது. பின்னால் செனட் விசாரணையில் வெளிவந்த விஷயம் இது. அவருடைய தனிவாழ்க்கை பற்றி உலவும் பல கதைகள் இப்படி அவரை அழிக்க நினைத்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வருபவை, அதை மறக்காமல் படியுங்கள். குறைகள் இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டில் மற்றவர்களின் வரிகளைப் பெயர் சொல்லாமல் எடுத்ததை பாஸ்டன் பல்கலைக்கழகமே 1991-ல் விசாரித்து உறுதி செய்தது. எலா பேக்கர் போன்ற பெண் அமைப்பாளர்களுக்கு அவர் அமைப்பில் உரிய இடம் கிடைக்கவில்லை.

யார் கொன்றார்கள் என்பதில், ஜேம்ஸ் ஏர்ல் ரே 1969-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில நாளில் மறுத்தார். 1979-ல் நாடாளுமன்றக் குழு சுட்டது ரேதான், பின்னால் வேறு ஆட்கள் இருந்திருக்கலாம் என்றது. கிங் குடும்பம் ரே நிரபராதி என்று நம்பியது. 2000-ல் நீதித்துறை, பெரிய சதிக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. என் படிப்பில் ரே சுட்டார் என்பதற்கான ஆதாரம் வலுவானது. அதற்கு மேல் எவராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அவர் சுடப்பட்ட ஊரான டென்னசியின் மெம்ஃபிஸுக்குப் போனது துப்புரவுத் தொழிலாளர்களுக்காக. 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்குக் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களைக் குப்பை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடி நசுக்கிவிட்டது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் கழுத்தில் மாட்டிய அட்டையில் இருந்தது ஒரே வரி, 'நான் மனிதன்'. கிங்கை அங்கே கூப்பிட்டவர் நாக்பூரில் இருந்துவிட்டு வந்த அதே ஜேம்ஸ் லாசன். மார்ச் 28 ஊர்வலத்தில் சிலர் கண்ணாடிகளை உடைத்தார்கள், போலீஸ் சுட்டு 16 வயதுப் பையன் ஒருவன் செத்தான். கிங் நொறுங்கிப்போனார். ஒழுங்காக ஓர் ஊர்வலம் நடத்திக் காட்டியே தீர வேண்டும் என்று திரும்பி வந்தார். ஏப்ரல் 4 மாலை 6.01-க்கு லொரெய்ன் விடுதியின் மாடி வராந்தாவில் சுடப்பட்டார். வயது 39.

அந்த வாரம் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. திருப்பி அடிக்காதவனை எவன் மதிப்பான் என்று அன்று கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஏப்ரல் 8 அன்று, கணவரை அடக்கம் செய்வதற்கு முந்தின நாள், கொரெட்டா மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெம்ஃபிஸுக்கு வந்தார். பல்லாயிரம் பேர் அவர் பின்னால் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தார்கள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிலாளர்களின் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. சம்பளம் மணிக்கு 15 சென்ட் உயர்ந்தது, மே மாதம் 10, செப்டம்பரில் 5.